அப்பா ஓகே கொடுத்த பக்கம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். எந்தக் கடிதத்திலும் கை தானாக எழுதிவிட்டுப் போகிற வரிதான் இது, ஆனால் இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தேன், கூடத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அப்பாவையும் ஒரு பார்வை பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு எழுதியிருக்கிறேன், ஆகவே நீ நம்பலாம். நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும். அங்கே குளிர் இறங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு பார்க்காதே. ஒரு மாதத்துக்கு மேலாக, போனில் பேசும்போதெல்லாம் நான் எதையோ மறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உண்மைதான், மறைத்தேன். நேற்று சாயந்திரம் ஒரு செய்தி வந்தது, அது வந்த பிறகுதான் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய், அப்பா பின்னாலிருந்து திருத்தம் சொல்லுவார், கதை முடியாது. எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பலாமே என்பாய். வேண்டாம் கண்ணு, அது எங்கே யார் போனில் போய் உட்காருமோ என்று இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று படித்தால் தெரியும். தபாலில் வரட்டும், பொறுமையாகப் படி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவின் பழைய போன் முதுகு வீங்கிப் போய் மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது உனக்கே தெரியும். நீ புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றதற்கு அவர் முறுக்கிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தோரு வருஷம் இருந்த மனிதருக்கு, ஓடுகிற எதையும் தூக்கிப் போடக் கூடாது, புதிதாக வந்த எதையும் நம்பக் கூடாது. கடைசியில் ஸ்கேன் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கிற போன் கடையில், கைமாறி வந்த போன் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது என்று தெரிந்து அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். சம்மதித்தாரே தவிர ஒரு வாரம் எங்களைக் கேள்வி கேட்டே கொன்றுவிட்டார். பழைய போனிலிருந்து படமெல்லாம் புதிதுக்குப் போய்விட்டால் பழையதில் இருக்குமா இருக்காதா, கம்பியே இல்லாமல் போகிறதே, நடுவில் ஒருவர் நின்றால் தடைபடுமா, பாதி ஏறும்போது சார்ஜ் தீர்ந்தால் மீதிப் பாதி எங்கே நிற்கும், பேசியதெல்லாம் வருமா, பேசாமல் விட்டதும் வருமா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டாரே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு உனக்கும் ஏதோ அவசரம், பொறுமை போய், "அப்பா, போன் என்ன கேட்டாலும் ஓகே குடுங்க, வேற எதையும் தொடாதீங்க, எல்லாம் தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். உன்மேல் பழி போடவில்லை. ஆனால் எது எங்கே ஆரம்பித்தது என்று குறித்து வைப்பது என் தொழில், அதனால் குறித்துவிட்டேன்.

இப்போது நீ திட்டப் போகிற இடம் வருகிறது. எனக்கு அப்போது இரண்டு மாதமாக மேல் வயிற்றில் ஒரு வலி. சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. உன்னிடம் சொல்லவில்லை. நம் குடும்ப டாக்டர் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, தன் மகளைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை நான் ஸ்கேனுக்குப் போனேன், பக்கத்துக் கடைதானே என்று அப்பா அதே நேரத்தில் போன் மாற்றப் போனார். ஸ்கேன் சென்டரில் பதியும்போது அப்பாவின் நம்பரைத்தான் கொடுத்தேன், "ரிப்போர்ட் இந்த போனுக்கு வந்துடும், பேப்பராவும் நாலு மணிக்கு மேல வாங்கிக்கலாம்" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். அதை அப்பா காதிலும் போட்டுவிட்டு நான் உள்ளே போனேன். வெளியே வந்தபோது அப்பா கடை வாசலில் ஒரு ஸ்டூலில், படம் ஏறுவதை அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு படம். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, நான் கிளம்பிவிட்டேன், ரிப்போர்ட்டை நீங்களே வாங்கி வந்துவிடுங்கள் என்றேன். நான் போன பிறகு நடந்ததை எனக்கும் பிறகுதான் சொன்னார்கள். படமெல்லாம் ஏறி முடிந்து, புதுப் போனை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அது ஒருதரம் அதிர்ந்து, ஏதோ வருகிறது, வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறது. அப்பா ஓகே கொடுத்திருக்கிறார். முப்பத்தோரு வருஷம் பொத்தான்களோடு வாழ்ந்தவர், எரிகிற பொத்தானை அழுத்தாமல் விடுவாரா?

அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து ஆள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். அப்பா நான்தான் கழுவினேன் என்றார். ரிப்போர்ட் எங்கே என்றதற்கு, மெஷினில் ஏதோ கோளாறு, டாக்டர் வந்த பிறகு செவ்வாய்க்கிழமை கொடுக்கிறார்களாம் என்றார், முகத்தைப் பார்க்காமல். சரி என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டார், சர்க்கரை சரியாக இருந்தது. பதினோரு வருஷமாக அந்தச் சோபாவை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி நான் தொண்டை வற்றியிருக்கிறேன், தரையில் கீறல் விழும், வெயிலில் துணி வெளுக்கும் என்று ஆயிரம் காரணம் சொன்னவர், அன்று தானே தனியாக இழுத்துப் போட்டுவிட்டு, "உனக்கு வெளிச்சம் வருதா பாரு" என்று கேட்டார். நான் குளியலறையில் பாடினால் கதவைத் தட்டுகிறவர், ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டார். மேல் மாடியில் குடியிருக்கிற தையல்கார அக்கா என்னைப் பார்க்க வந்தவர், "என்ன, உங்க வீட்டுக்காரர் ஆளே மாறிட்டார்" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனார். எனக்குக் கிண்டலாக இல்லை. முதலில் எதையோ உடைத்துவிட்டார் என்று நினைத்தேன், கண்ணாடிச் சாமான் எல்லாம் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு உனக்கு ஏதோ பிரச்சினை, என்னிடம் மறைக்கிறீர்கள் என்று தோன்றியது, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், அவருக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது, சொல்லத் தெரியாமல் பாத்திரம் கழுவுகிறார். சிட்டு, சண்டை போடாத உன் அப்பாவைப் பார்த்து நான் பயந்தது போல வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. அவர் குளிக்கப் போனபோது அவர் சட்டைப் பையெல்லாம் துழாவிப் பார்த்தேன், ஒரு சீட்டும் கிடைக்கவில்லை.

போன வருஷம் வந்திருந்தபோது எங்கள் இரண்டு பேர் போனுக்கும் நீ ஒரே கணக்கை வைத்துக் கொடுத்தாய், ஒருவர் போன் தொலைந்தாலும் படமெல்லாம் இன்னொருவர் போனில் இருக்கும் என்றாய். அப்பாவுக்கு அது மறந்தே போய்விட்டது. எனக்கும்தான். திங்கட்கிழமை காலை, எங்கள் கண் ஆஸ்பத்திரிப் பதிவறையில், என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு உன் புது வீட்டுப் படத்தைக் காட்டலாம் என்று போனைத் திறந்தேன். உன் வீட்டுப் படத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளின் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், ஸ்கேன் ரிப்போர்ட். இரண்டாம் பக்கம், மேலே பெயர் இல்லை, கீழே பதிவெண்ணும் வெள்ளிக்கிழமைத் தேதியும் மட்டும். எனக்கு ரிப்போர்ட் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம், இருபத்தாறு வருஷமாக அதைத்தானே அட்டைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறேன், கண் விஷயம் மட்டும் இல்லை, கூடவே வருகிற எல்லாத் தாளும் என் கையைத் தாண்டித்தான் போகும். ஒரு கட்டி, அளவு இவ்வளவு, சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது, தாமதிக்காமல் மேல் பரிசோதனை தேவை என்று இருந்தது. அட்டை எடுக்க ஏறுகிற சின்ன ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோபா ஜன்னல் பக்கம் போனது ஏன், டீயில் சர்க்கரை சரியாக இருந்தது ஏன் என்று எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை கண்ணு, இந்த மனிதர் மூன்று நாளாக இதை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டி எங்கே என்று மறுபடி படித்தேன். பித்தப்பையின் உள்சுவரில் என்று இருந்தது. இன்னொரு தடவை படித்தேன். பித்தப்பை. நீ பத்தாவது படிக்கும்போது எனக்குக் கல் என்று ஆபரேஷன் செய்தார்களே, அன்றைக்கே அந்தப் பையை முழுதாக எடுத்துவிட்டார்கள்! இல்லாத பையில் கட்டி எப்படி வரும்? நான் ஏணிப்படியில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சிரித்தேன், சிரிப்பு நிற்கவில்லை, கூட வேலை பார்க்கும் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் வாயில் பாதியும் சேலையில் பாதியுமாக ஊற்றினாள்.

அனுமதி கேட்டுக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்தேன். அப்பா சோபாவில் புதுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார், கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி. எனக்கு எல்லாம் தெரியும், அது என் ரிப்போர்ட் இல்லை, எனக்குப் பித்தப்பையே கிடையாது, ஏணிப்படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். "கல்லத்தானே எடுத்தாங்க?" என்று கேட்டார். பையோடு எடுத்தார்கள் என்றேன். "பையோடவா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றார். கையெழுத்துப் போட்டதே இவர்தான், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து டாக்டர் விளக்கிச் சொன்னதும் இவரிடம்தான், அப்போது ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏன் மூன்றாவது மாடியில் குலுங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு பை காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். பிறகு அவர் முகம் கோணிப்போய், அழுதுவிட்டார். உன் கல்யாணத்தில் கண் கலங்கினார், அவ்வளவுதான் நான் பார்த்தது. இது அப்படி இல்லை, தோள் குலுங்கிக் குலுங்கி அழுதார், நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன், எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடிந்ததும் ஒரே கோபம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சிரித்தாயா, மூன்று நாள் நான் பட்ட பாடு உனக்குச் சிரிப்பா என்று கத்தினார், சோபா இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம், கண் கூசுகிறது என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பசிக்கிறது என்று வேறு சொன்னார், ரொட்டியும் முட்டையும் செய்து கொடுத்தேன், நான்கு முட்டை சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இது என்னுடையது இல்லை, சரி, அப்போது யாருடையது? எங்கள் பதிவறையில் எந்தத் தப்பு நடந்தாலும் பேசிச் சமாளித்துவிடலாம், ஒருவர் தாள் இன்னொருவர் அட்டைக்குள் போவதை மட்டும் மன்னிக்க மாட்டோம், மாலையில் ஒரு தாள் கூடுதலாக இருந்தால் அது எவருடையது என்று தெரியாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்பது என் மேலதிகாரி போட்ட சட்டம், அவர் ஓய்வு பெற்ற பிறகு நான் போடுகிற சட்டம். அப்பாவிடம் கிளம்புங்கள் என்றேன். அவருக்கு மனசு இல்லை. "நமக்கு ஒண்ணும் இல்லன்னு ஆச்சு, அவங்களுக்கு அவங்க ரிப்போர்ட் போயிருக்காதா, நாம எதுக்கு நடுவுல" என்றார். எனக்கு வந்த கோபத்தில், இந்த மூன்று நாள் உங்களுக்குத் தெரிந்தது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால் என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினார்.

ஸ்கேன் சென்டரில் அந்த வரவேற்புப் பெண் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை, எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது என்றாள். பக்கத்துக் கடைக்காரர்தான் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயம் இதுதான். அந்த போன் அதுவரை அவர் கடையிலேயே, அச்செடுக்க வருகிறவர்களிடமிருந்து படமும் தாளும் வாங்கிக்கொள்கிற போனாக இருந்திருக்கிறது. அதற்கு 'பிரிண்ட் கவுண்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். விற்கும்போது அவர் தன் படங்களை மட்டும் அழித்துவிட்டு அப்பாவின் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார், முழுதாகத் துடைக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை, யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள் என்று இருந்ததையும் மாற்றவில்லை. தன் புதுப் போனுக்கும் அதே பெயரையே வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஸ்கேன் சென்டரில் பிரிண்டர் பழுது, அந்தப் பெண் சென்டர் போனை எடுத்துக்கொண்டு வந்து கடையில் நின்று ஒவ்வொரு பக்கமாக அனுப்பி அச்செடுத்திருக்கிறாள். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு நின்றதை அவள் கவனிக்கவில்லை. ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது என்று அவள் போன் சொல்லியிருக்கிறது, உண்மையும் அதுதான். பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் உறையில் முதல் பக்கம் மட்டும் போயிருந்தது. கல்லீரல் சரி, சிறுநீரகம் சரி என்று முதல் பக்கம் முழுக்க நல்ல செய்தி. சனிக்கிழமையே வாங்கிக்கொண்டு போய்விட்டாராம், வாசலில் நின்றே படித்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று அந்தப் பெண்ணிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எனக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. என் முதல் வருஷத்தில் நானும் ஒரு தாளை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

போன் போட்டார்கள், அந்த அம்மாள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள், எடுக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் போங்கள் என்றார்கள். போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன், அப்பாவும் என் பக்கத்தில் குட்டி போட்ட பூனை மாதிரி எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவரே திருப்பிக் கூப்பிட்டார், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவராம், வண்டிக்குள் இருக்கும்போது போனைத் தொட மாட்டாராம். அரை மணியில், கூரைமேல் பயிற்சி வாகனம் என்று பலகை வைத்த காரில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும், குட்டையான உருவம், காலில் தடிமனான ஷூ. சென்டர் டாக்டர் உள்ளே கூப்பிட்டுத் தாளைக் கொடுத்து விளக்கினார். வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து, நீங்கள் யார் என்றார். நான் சொல்வதற்குள் அப்பா எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா ஓகே குடுத்துட்டேன்" என்றார், ஏதோ அந்தக் கட்டியையே இவர்தான் கொடுத்த மாதிரி. அந்த அம்மாள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு, "விடுங்க சார், என்கிட்ட கத்துக்க வர்றவங்க பாதிப் பேர் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரத்தான் அழுத்துவாங்க, நான் யாரையும் அடிச்சதில்ல" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவருக்கு ஒரே மகன், கப்பலில் வேலை, கரைக்கு வர நாளாகும் என்றார். அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது, நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தேன், அப்பா வாசலில் இருந்தார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு மாதமும்தான் நீ என் குரலில் என்னவோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். என் நிஜ ரிப்போர்ட் ஸ்கேன் சென்டர் இழுப்பறையிலேயே எனக்காகக் காத்திருந்தது, அன்றைய குழப்பத்தில் அதைப் போனுக்கு அனுப்ப மறந்துவிட்டார்களாம், அதில் ஒன்றும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த புண், டீயைக் குறைக்கச் சொல்லி நம் டாக்டர் மாத்திரை கொடுத்தார், வலி இப்போது போய்விட்டது. நமக்கு ஒன்றும் இல்லை என்று நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாளுக்கு என்ன என்று தெரியாமல் நமக்கு நல்லது என்று சந்தோஷப்பட எனக்கு வாய் வரவில்லை சிட்டு. நேற்று சாயந்திரம் அவரே கூப்பிட்டார். கெட்டதுதானாம், ஆனால் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே ஒரு துளி பரவவில்லை, முழுதாக எடுத்தாகிவிட்டது, மருந்துகூட வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும், ஆறு மாதம் தள்ளிப்போயிருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னாராம். அடுத்த மாதம் வண்டியில் ஏறிவிடுவேன் என்றார். போனை வைத்துவிட்டு நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சொந்தக்காரருக்கு நல்ல செய்தி வந்த மாதிரி சிரித்தோம்.

இனி வைத்திருக்கத் தேவையில்லை, பிறத்தியார் ரிப்போர்ட் நம்மிடம் இருக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தை அழிப்பதற்காக நேற்று அப்பாவின் போனை வாங்கினேன். அதைத் தேடிப் பின்னால் தள்ளிக்கொண்டே போனபோது, அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் அவர் எடுத்த படங்கள் வரிசையாக இருந்தன. ரிப்போர்ட் வந்ததோடு எங்கள் கணக்கில் இடம் தீர்ந்துவிட்டதாம், அதனால் இவை என் போனுக்கு வரவே இல்லை. எல்லாம் நான். வெங்காயம் நறுக்குகிற நான், ஜன்னலோரச் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற நான், துணி உலர்த்துகிற முதுகு, செருப்பு மாட்டுகிற கால், கண்ணாடியைத் துடைக்கிற கை, தையல்கார அக்காவோடு பேசும்போது பாதி முகம். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு. கதவு இடுக்கிலிருந்தும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தும் எடுத்திருக்கிறார், ஒன்றுகூட நேராக இல்லை, சிலதில் அவர் விரலும் விழுந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கையால் என்னை ஒரு படம் எடுத்ததில்லை. இதென்ன என்று கேட்டேன். முதலில் புதுப் போனைச் சோதித்துப் பார்த்தேன் என்று மழுப்பினார். நான் விடவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "மூவாயிரத்து எண்ணூறு படம் ஏறுச்சு, அன்னிக்கு உக்காந்து ஒவ்வொண்ணாத் தேடினேன். ஒண்ணுலகூட நீ மட்டும் இல்ல. சிட்டுவப் பிடிச்சுக்கிட்டு நிக்கற, யாருக்கோ தட்டு நீட்டற, இல்லன்னா படத்துலயே இல்ல, நீதான் எடுத்திருக்க. நீ போயிட்டா நான் எதப் பாத்துக்கிட்டு உக்காருவேன்?" ரிப்போர்ட்டை அழித்தேன். மற்றதில் கை வைக்கவில்லை, தூங்குகிற படத்தை மட்டும் அழிக்கலாம் என்று பார்த்தேன், அதுதான் அவருக்குப் பிடித்ததாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன், பழைய போனை யாரிடமாவது கொடுத்தால் முழுதாகத் துடைத்துவிட்டுக் கொடு, வாங்கினாலும் துடைத்துவிட்டு வாங்கு, உன் போனுக்கு உன் பெயரையே வை, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று திறந்து போடாதே. அப்பாவின் போனுக்கு இப்போது 'லிஃப்ட்காரர், கேட்காமல் அனுப்ப வேண்டாம்' என்று பெயர். கடைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நீ சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, என் வயிறுதான் உனக்கும். உனக்கு வலி என்று எது வந்தாலும் என்னிடம் சொல்லு, நான் மறைத்த மாதிரி நீ மறைக்காதே, இனி நானும் மறைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், இந்தக் கடிதமே சாட்சி. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக வாழ வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். நீ அனுப்புகிற படத்திலெல்லாம் பின்னால் மலை இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, அலுவலகத் தோழிகள் இருக்கிறார்கள், நீ ஓரத்தில் எள்ளளவு தெரிகிறாய். அப்பா நேற்றிலிருந்து உன் படங்களையும் அப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடிக்கொண்டிருக்கிறார், என்ன தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அலங்காரம் ஒன்றும் வேண்டாம் கண்ணு, வீட்டில் இருக்கிறபடி, வெளிச்சத்தில் நின்று, நீ மட்டும் இருக்கிற படம் ஒன்று எங்களுக்கு அனுப்பு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா